அவுஸ்திரேலியாவில் உள்ள முங்கோ ஏரியில் தண்ணீரே இல்லையாமே, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவது பிரயோசனமா?

மார்கழி லீவுக்கு மெல்பேர்னில் உள்ள அக்கா வீட்டுக்குப் போகிறேன், அம்மாவுக்கு முழங்கால் நோ, கனதூரம் நடக்கமாட்டா என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுக் கதையும் அச்சொட்டாக இதுதான். ஒரேயொரு வித்தியாசம், நாங்கள் போனது ஆடியில். அங்கே அது குளிர்காலம். மார்கழியில் வெயில் 40 பாகையைத் தாண்டும். முடிந்தால் பயணத்தை மாற்றுங்கள்.

ஏரிக்குப் போகிற வழியில் உள்ள மில்டூரா நகரம் மெல்பேர்னில் இருந்து சுமார் 540 கிலோமீற்றர். கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் போவதைவிட 150 அளவில் கூட. மில்டூராவில் இருந்து இன்னும் 110 சொச்சம். அதில் பெரும்பகுதி மண் ரோட்டு. மழை பெய்தால் மூடிவிடுவார்கள். நாங்கள் போன அன்றும் மூடித்தான் இருந்தது. ஒரு நாள் முழுக்க மோட்டல் அறையில் இருந்து, அக்கா கட்டித்தந்த ரொட்டியையும் சம்பலையும் முடித்தோம்.

அடுத்த நாள் போய் இறங்கினால், கண்ணுக்கெட்டிய தூரம் வெளி. சாம்பல் பச்சையில் உப்புப் பற்றைகள். அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "இது ஆனையிறவு வெளி மாதிரியெல்லோ கிடக்கு, இதுக்கோ இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனி?" என்றா. எனக்கும் உள்ளூர அதே யோசனைதான்.

நடைபாதைகள் எல்லாம் சின்னன். பழைய கரையோரமாகப் போகிற பாதை இரண்டரைக் கிலோமீற்றர், கொழும்பு மரைன் டிரைவில் பம்பலப்பிட்டி ஸ்டேஷனில் இருந்து வெள்ளவத்தை ஸ்டேஷன் வரை நடப்பதைவிடக் கொஞ்சம்தான் கூட. அதை நானும் அத்தானும் மட்டும் நடந்தோம். மல்லி என்கிற குட்டை யூக்கலிப்டஸ் மரங்களுக்குள்ளால் போகிற பாதை 500 மீற்றர். காலிமுகத்திடலின் ஒரு தொங்கலில் இருந்து மறு தொங்கல் அவ்வளவுதான். அம்மா அதை ஆறுதலாக நடந்து முடித்தா.

அம்மாவின் முகம் மாறியது கிழக்குக் கரையில். ஏரியில் தண்ணீர் இருந்த காலத்தில் மேற்குக் காற்று கரை மணலையும் களியையும் அள்ளிக் கொண்டுபோய் அந்தப் பக்கம் பிறை வடிவில் குவித்திருக்கிறது. லக்லன் ஆற்றின் ஒரு கிளைதான் முங்கோவும் சேர்ந்த ஏரித்தொடருக்குத் தண்ணீர் கொடுத்தது. அது வற்றிப் பதினைந்தாயிரம் வருடத்துக்கு மேலாகிறது. மழையும் காற்றும் அரித்த மேட்டில் சிவப்பு, சாம்பல், வெள்ளை என்று படை படையாகத் தெரிகிறது. 'சீனச் சுவர்கள்' என்று பெயர். பலகைப் பாதையைத் தாண்டி அந்த மணலில் தனியே கால் வைக்க விடமாட்டார்கள், வழிகாட்டியோடு போகவேண்டும். காசைப் பார்க்காமல் பதிந்துகொள்ளுங்கள். எங்களைக் கூட்டிப்போனவர் அந்த மண்ணின் ஆதிக்குடியைச் சேர்ந்தவர். அவர் இல்லாவிட்டால் எங்களுக்கு அது வெறும் மண்மேடுதான்.

1968இல் ஜிம் போலர் என்ற புவியியலாளர் அந்த மேட்டில்தான் எரியூட்டப்பட்ட ஒரு பெண்ணின் எலும்புகளைக் கண்டார். 1974இல் ஓர் ஆணின் எலும்புக்கூடு, செங்காவி தூவிப் புதைத்தபடி. இருவருக்கும் ஏறக்குறைய 40,000 வயது. அந்தச் செங்காவி ஏரிப்பக்கத்தில் கிடைப்பதல்ல, எங்கிருந்தோ சுமந்து வந்திருக்கிறார்கள். பிறகு இருவரையும் ஆராய்ச்சிக்கென்று கொண்டுபோய்விட்டார்கள். பெண் 1992இலும் ஆண் 2017இலும்தான் ஊர் திரும்பினார்கள். இதைக் கேட்டு அம்மா கனநேரம் பேசாமல் நின்றா. செத்தவீட்டுக்குப் போனால் நிற்பாவே, அப்படி.

பார்வையாளர் நிலையத்தை விட்டுவிடாதீர்கள். 2003இல் அந்தப் பகுதியில் 20,000 வருடப் பழைய காலடித் தடங்கள் நூற்றுக்கணக்கில் கண்டுபிடிக்கப்பட்டன. அழியாமல் இருக்க அவற்றைத் திரும்ப மணலால் மூடிவிட்டு, அச்சுப் பிரதி ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு தடத்துக்குப் பக்கத்தில் தன் காலை வைத்துப் பார்த்தா. "என்ர காலைவிடப் பெரிசு."

இன்னும் இரண்டு விசயம். வாடகைக் கார் எடுப்பதென்றால் மண் ரோட்டில் ஓட விடுவார்களா என்று முதலே கேளுங்கள், பல இடங்களில் விடமாட்டார்கள். ஏரி இருக்கிற தேசியப் பூங்காவுக்குள் பெற்றோல் கிடையாது, மில்டூராவிலேயே டாங்கை நிரப்பிக்கொண்டு வெளிக்கிடுங்கள்.