வாசகர் கேள்வி பதில்: சாலையின் இடது ஓரம் யாருக்கு?

பினாங்கின் சைக்கிளோட்டிகளையும் காரோட்டிகளையும் பற்றி அடுத்தடுத்து வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். வசைச் சொற்களை மட்டும் நீக்கியிருக்கிறோம். இரு தரப்பிலும் அவற்றுக்குக் குறைவில்லை.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு பத்து ஃபெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங்கிற்குப் புறப்பட்டால், முன்னால் ஒரு சைக்கிள் கூட்டம் போய்க்கொண்டிருக்கும். இருவர் இருவராகச் சேர்ந்து, பேசிக்கொண்டே போவார்கள். ஹாரன் அடித்தால் கையை நீட்டித் திட்டுகிறார்கள். ரோட் டாக்ஸ் கட்டுவது நாங்கள். ஒரு காசும் கட்டாதவர்களுக்கு நடுச்சாலையில் போக என்ன உரிமை?
– காரோட்டி, தஞ்சோங் பூங்கா

பதில்: வரியை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் கோபத்தின் வேர் அங்கேதான் இருப்பதாகத் தெரிகிறது. ரோட் டாக்ஸ் என்பது இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்த்து விதிக்கப்படும் கட்டணம். தீபகற்ப மலேசியாவில் 1000 சிசிக்கு மேற்படாத காருக்கு ஆண்டுக்கு 20 ரிங்கிட். 150 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கு 2 ரிங்கிட். கட்டிய பணத்தின் அளவுக்குத்தான் சாலையில் இடம் என்றால், சிறிய கார் வைத்திருப்பவர் பெரிய கார் வருவதைக் கண்டதும் புல்தரையில் இறங்கி நிற்க வேண்டியிருக்கும். மின்சாரக் கார்களுக்கு 2022 தொடங்கி 2025 இறுதி வரை இந்தக் கட்டணம் முழுமையாக விலக்கப்பட்டிருந்தது. அந்த நான்கு ஆண்டுகளில், ‘நீ வரி கட்டவில்லை, ஒதுங்கிப் போ’ என்று ஒரு மின்சாரக் காரைப் பார்த்து யாரும் ஹாரன் அடித்ததாகக் கேள்விப்பட்டதில்லை. நீங்கள் ஞாயிறன்று பார்க்கும் சைக்கிளோட்டிகளில் பலரும் வருமான வரியும் வீட்டு மதிப்பீட்டு வரியும் கட்டுகிறவர்கள். வீட்டில் ஒரு காரும் நிறுத்தியிருப்பார்கள். டோல் கட்டிப் போகும் நெடுஞ்சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பத்து ஃபெரிங்கி சாலை அப்படிப்பட்டதல்ல. அங்கே அவர்கள் போவதற்கு யாருடைய இரக்கமும் தேவையில்லை.

இருவர் இருவராகப் போவதுதான் உங்கள் உண்மையான குறை. அதைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துப் பேர் ஒருவர் பின் ஒருவராகப் போனால், இடைவெளியும் சேர்த்து அந்த வரிசை ஏறத்தாழ 30 மீட்டர் நீளும். இருவர் இருவராகப் போனால் அதில் பாதி. நீங்கள் முந்துவதற்கு எதிர்த் தடத்தில் இருக்க வேண்டிய நேரமும் அதற்கேற்பக் குறையும். ‘ஒற்றை வரிசையில் போனால் எதிர்த் தடத்தில் ஏறாமலேயே முந்திவிடுவேனே’ என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. ஒரு சைக்கிளுக்கும் அதைக் கடக்கும் காருக்கும் இடையே ஒன்றரை மீட்டர் இருக்க வேண்டும் என்பது பல நாடுகள் ஏற்றுக்கொண்ட அளவு. ஜெர்மனியில் 2020 முதல் நகருக்குள் ஒன்றரை மீட்டர், நகருக்கு வெளியே இரண்டு மீட்டர் என்று விதியாகவே எழுதிவிட்டார்கள். பத்து ஃபெரிங்கி போல, பக்கத்துக்கு ஒரு தடமே உள்ள சாலையில் அந்த இடைவெளியை விட்டால், ஒற்றைச் சைக்கிளைக் கடப்பதற்கும் உங்கள் கார் நடுக்கோட்டைத் தாண்டத்தான் வேண்டும். இரட்டைக் கோடு போட்ட வளைவில் அதைச் செய்ய முடியாது. ஆகவே சைக்கிள்கள் எப்படிப் போனாலும் அந்த இடத்தில் நீங்கள் காத்திருக்க வேண்டியவர்தான்.

காத்திருப்பதால் இழப்பது எவ்வளவு? மணிக்கு 25 கிலோமீட்டரில் போகும் சைக்கிளின் பின்னால் அரை கிலோமீட்டர் போனால் 72 வினாடிகள் ஆகும். 50 கிலோமீட்டரில் போயிருந்தால் 36 வினாடிகள். அந்த 36 வினாடி மிச்சத்தையும் அடுத்த சிவப்பு விளக்கிலேயே விட்டுவிடுவீர்கள். ஹாரனைப் பொறுத்தவரை, கண்ணாடி ஏற்றிய காருக்குள் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது சாதாரண ஓசையாகக் கேட்கலாம். முதுகுக்குப் பின்னால் இரண்டு மீட்டரில் அது வெடிக்கும்போது சைக்கிளோட்டியின் கைப்பிடி ஓர் அடியாவது விலகும், எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது.

சைக்கிளோட்டிகள் மீதும் குறை இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. பின்னால் கார்கள் நீண்டு நிற்பது தெரிந்தும், ஒரு பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கி வழிவிடாமல் கதை பேசிக்கொண்டே மேடேறும் குழுக்கள் உண்டு. குழு பெரிதாகப் பெரிதாக இந்த அலட்சியமும் பெரிதாகிறது. சிங்கப்பூரில் 2022 ஜனவரி முதல் ஒரு குழு ஐந்து சைக்கிள் நீளத்திற்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்துவிட்டார்கள்; இருவர் இருவராகப் போனால் பத்துப் பேர் வரைதான். நம் குழுத் தலைவர்கள் சட்டம் வரும்வரை காத்திராமல் அந்த எண்ணிக்கையை இன்றே பின்பற்றலாம். சிவப்பு விளக்கில் கூட்டமாக ஊர்ந்து போவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

கேள்வி: பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. இரவு ஷிப்ட் முடிந்து சைக்கிளில்தான் வீடு திரும்புகிறேன். சாலையின் ஓரத்தை ஒட்டிப் போனால் கார்கள் உரசுவது போல் கடக்கின்றன. கொஞ்சம் உள்ளே வந்தால் கண்டபடி ஏசுகிறார்கள். அண்மையில் ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு காரின் கதவு திடீரென்று திறந்து, கீழே விழுந்து தோள்பட்டையில் அடிபட்டது. நான் எங்கேதான் ஓட்ட வேண்டும்?
– தொழிலாளி, சுங்கை ஆரா

பதில்: இந்தக் கடிதம் வந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி. சைக்கிள் என்றாலே பளபளப்பான உடையும் பல்லாயிரம் ரிங்கிட் வண்டியும் நினைவுக்கு வரும் அளவுக்கு இந்தச் சண்டை திசைமாறிவிட்டது. பாயான் லெப்பாஸிலும் பிறையிலும் விடியற்காலையில் நின்று பார்த்தால் வேறு காட்சி தெரியும்: காவலாளிகள், துப்புரவுத் தொழிலாளர்கள், வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த இளைஞர்கள், சைக்கிளை விட்டால் வேறு வழியில்லாதவர்கள். அவர்கள் ஹாரனுக்குப் பதில் கை நீட்டுவதில்லை. ஒதுங்கி ஒதுங்கிச் சாக்கடை மூடியின் மீதே ஓட்டுகிறார்கள்.

அந்த ஓரம்தான் ஆபத்தான இடம். இரும்புக் கம்பி மூடியின் இடைவெளிகள் வண்டி போகும் திசையிலேயே அமைந்திருந்தால் மெல்லிய டயர் அதற்குள் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். மழை பெய்தால் தேங்கிய நீருக்கடியில் குழி இருப்பது தெரியாது. வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் வழுக்கும். கண்ணாடித் துண்டுகளும் ஆணிகளும் சேர்வதும் அங்கேதான். இவற்றை விலக்குவதற்காகத் திடீரென்று வலப்பக்கம் வளைவதைக் காட்டிலும், தொடக்கத்திலிருந்தே ஓரத்தைவிட்டு முக்கால் முதல் ஒரு மீட்டர் வரை உள்ளே, நேர்கோட்டில் ஓட்டுவது பாதுகாப்பானது. நேராகப் போகும் வண்டியைப் பின்னால் வருகிறவர் கணிக்க முடியும். நெளிந்து நெளிந்து போவதைக் கணிக்க முடியாது. ஓரத்தை ஒட்டிப் போகிறவரை, தடம் மாறாமலே நுழைந்துவிடலாம் என்ற ஆசையில்தான் காரோட்டிகள் உரசிக் கடக்கிறார்கள். உள்ளே வந்து ஓட்டினால் ஏச்சு விழலாம். ஏசுகிறவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்றாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தியிருக்கும் கார்களைக் கடக்கும்போது, கதவு முழுதாகத் திறந்தாலும் எட்டாத தொலைவில், அதாவது ஒரு மீட்டருக்குக் குறையாமல் விலகிப் போங்கள். உள்ளே தலை தெரிகிறதா, பிரேக் விளக்கு அப்போதுதான் அணைந்ததா என்று பாருங்கள். லோரியும் பேருந்தும் இடப்பக்கம் திரும்பும் சமிக்ஞை போட்டுவிட்டால், எவ்வளவு அவசரமானாலும் அவற்றின் இடப்பக்க இடுக்கில் நுழையாதீர்கள். ஓட்டுநரின் கண்ணாடியில் அந்த இடம் தெரியாது, திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரங்கள் போன வழியைவிட உள்ளே வளைந்து வரும். இரவு ஷிப்ட் என்பதால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இருக்க வேண்டும். பெடலில் ஒட்டிய பிரதிபலிப்புப் பட்டை மேலும் கீழும் அசைவதால் தொலைவிலிருந்தே சைக்கிள் என்று புரிந்துவிடும். செலவு சில ரிங்கிட்தான்.

இதைக் காரோட்டிகளும் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் ஒரு சொல். நம் நாட்டுக் கார்களில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். இறங்கும்போது பக்கத்திலிருக்கும் வலக்கையால் கதவைத் திறக்காமல் இடக்கையை நீட்டித் திறந்து பாருங்கள். உடல் தானாகத் திரும்பும். பார்வை பக்கக் கண்ணாடியைக் கடந்து பின்னால் போகும். கதவும் சட்டென்று முழுதாகத் திறக்காது. நெதர்லாந்தில் இந்தப் பழக்கம் பிள்ளைகளுக்கும் சொல்லித்தரப்படுகிறது. பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கிவிடும்போது அவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்: இடப்பக்கமாக இறங்கும் பிள்ளைக்கு அது வலக்கை.

சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987-இன் 43-ஆம் பிரிவு, கவனக்குறைவாக ஓட்டுவதோடு சாலையைப் பயன்படுத்தும் மற்றவர்களை மதியாமல் ஓட்டுவதையும் குற்றமாக்குகிறது. அபராதம் 5,000 ரிங்கிட்டில் தொடங்கி 10,000 வரை போகும். 12 மாதம் வரை சிறையும் உண்டு. அந்த ‘மற்றவர்களில்’ நீங்களும் ஒருவர்.

கேள்வி: கடைக்கு முன்னால் சைக்கிள் பாதை என்று கோடு போட்டுவிட்டார்கள். வாடிக்கையாளர் காரை நிறுத்த முடியவில்லை. சைக்கிள்களும் அதில் அதிகம் வருவதில்லை. யாருக்காக இது?
– கடைக்காரர், ஜார்ஜ் டவுன்

பதில்: உங்கள் வாடிக்கையாளர்கள் அதில் காரை நிறுத்தாமலா இருக்கிறார்கள்? சைக்கிள் வராததற்கு அதுவே முதல் காரணம். பத்து மீட்டருக்கு ஒரு கார் நின்றால் சைக்கிளோட்டி பத்து மீட்டருக்கு ஒரு முறை வாகன நெரிசலுக்குள் வளைந்து நுழைய வேண்டும். அதைவிடப் பாதையே இல்லாத சாலை மேல் என்று நினைக்க மாட்டாரா? கோலாலம்பூரில் 2018-இல் நகர மையத்தில் நீல வண்ணம் பூசிப் பாதை அமைத்தார்கள். கார்கள் அதில் நின்றன, மோட்டார் சைக்கிள்கள் அதில் பறந்தன. வண்ணம் எதையும் தடுக்காது. உங்கள் பினாங்குத் தீவிலேயே, துன் டாக்டர் லிம் சோங் யூ விரைவுச்சாலை ஓரமாகக் கடலை ஒட்டிச் செல்லும் தனிப்பாதையைப் பாருங்கள். அங்கே காரோட்டிக்கும் சைக்கிளோட்டிக்கும் சண்டை வருவதில்லை, ஏனெனில் இருவரும் சந்திப்பதே இல்லை. ஆனால் அந்தப் பாதை பெரும்பாலும் மாலை உடற்பயிற்சிக்குத்தான் பயன்படுகிறது. கடைத்தெருவுக்கும் வேலைக்கும் போகிறவரின் வழியில் அப்படித் தடுப்பு வைத்த பாதை வேண்டும். உங்கள் குறையில் நியாயமான பகுதி ஒன்று உண்டு: சரக்கு இறக்க இடம் வேண்டும். நேரம் குறித்து அதை ஒதுக்கித் தரும்படி மாநகர் மன்றத்திற்கு அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களோடு சேர்ந்து எழுதுங்கள்.

கேள்வி: பதினான்கு வயது மகன் பழைய சைக்கிளின் பிரேக்கைக் கழற்றி, கைப்பிடியைத் தாழ்த்தி வைத்திருக்கிறான். இரவில் நண்பர்களோடு போகிறான். கேட்டால் விளையாட்டு என்கிறான்.
– தாயார், பட்டர்வொர்த்

பதில்: அம்மா, இன்றே அந்தச் சைக்கிளைப் பூட்டி வையுங்கள். ‘பாசிக்கால் லாஜாக்’ என்று அழைக்கப்படும் அந்த வண்டியில் வயிற்றின் மேல் படுத்தபடி இறக்கத்தில் பாய்கிறார்கள். தலை காரின் பம்பர் உயரத்தில் இருக்கும், விளக்கு இல்லை, நிறுத்த வழியில்லை. மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும், ஓட்டுநர் இருட்டில் என்ன என்று உணர்ந்து பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அந்த ஒரு வினாடி போய்விடும்.

2017 பிப்ரவரி 18 அதிகாலையில் ஜொகூர் பாருவில் இத்தகைய சைக்கிள்களோடு சாலையில் இருந்த எட்டுச் சிறுவர்கள் கார் மோதி இறந்தார்கள். காரை ஓட்டிய பெண்ணை மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 2019-இலும் எதிர்வாதத்தைக் கேட்ட பின் 2021-இலும் விடுவித்தது; 2022-இல் உயர் நீதிமன்றம் ஆறாண்டுச் சிறை விதித்தது; 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஆறு ஆண்டுகள் அந்த வழக்கை வைத்து நாடு முழுவதும் இரண்டு கட்சியாக நின்று வாதாடினார்கள். ஓட்டுநர் குற்றவாளியா இல்லையா என்ற கேள்விக்கு முன்னால், அந்த நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்பதை வீட்டில் யாருக்காவது தெரிந்திருந்ததா என்ற கேள்வி இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மகனுக்கு வேகம்தான் பிடிக்கிறது என்றால், முறையாகப் பயிற்சி தரும் சைக்கிள் குழு ஒன்றில் சேர்த்துவிடுங்கள். பிரேக்குள்ள வண்டியில் பாலிக் புலாவ் மேடு ஏறி இறங்கினால் வேகமும் கிடைக்கும், களைத்துப்போய் இரவில் தூங்கவும் செய்வான்.

கேள்வி: காரும் சைக்கிளும் மோதிக்கொண்டால் போலீசுக்குப் போக வேண்டுமா? சைக்கிளுக்குத்தான் இன்சூரன்ஸ் இல்லையே?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: போக வேண்டும். விபத்தில் சிக்கிய வாகன ஓட்டுநர் 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும் என்பது சட்டம். ‘நூறு ரிங்கிட் தருகிறேன், விட்டுவிடு’ என்று சாலையிலேயே முடித்துக்கொள்வது இருவருக்கும் நல்லதல்ல, ஏனெனில் தோளிலும் இடுப்பிலும் வலி பல நேரங்களில் மறுநாள்தான் தெரியவரும். சைக்கிளுக்குக் காப்புறுதி தேவையில்லை என்றாலும், காருக்குக் கட்டாயமாக உள்ள மூன்றாம் தரப்புக் காப்புறுதி, கார் மோதிக் காயமடைந்த சைக்கிளோட்டிக்கும் இழப்பீடு தரக் கூடியது. தவறு சைக்கிளோட்டியுடையது என்றால் காருக்கான செலவை அவரிடமே கேட்க நேரும். புகார் இல்லாமல் இவை எதுவும் நகராது. காரின் எண், இரு வண்டிகளும் நின்ற நிலை, சாலைக் கோடுகள் ஆகியவை தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவச் சான்றிதழ் வாங்குங்கள். நெளிந்த சக்கரத்தைக் காவல்துறையினர் பார்த்துப் பதிவு செய்யும்வரை கடையில் கொடுத்து நிமிர்த்திவிடாதீர்கள்.