மக்காச்சோளப் படைப்புழு: கேள்வி பதில்

பெரம்பலூர் வாசகர்: இந்தப் புழுவின் பூர்வீகம் எது?

அமெரிக்கக் கண்டங்களின் வெப்பமண்டலம். இதன் தாய் அந்துப்பூச்சிக்கு வலசை பிறவிக்குணம். உறைபனியைத் தாங்காது, குளிர்காலத்தை உறங்கிக் கழிக்கவும் தெரியாது. அதனால் அமெரிக்க ஐக்கிய நாட்டில் தெற்கு ஃபுளோரிடா, தெற்கு டெக்சாஸ் போன்ற இடங்களில்தான் குளிர்காலத்தைத் தாண்டும். வசந்தம் பிறந்ததும் தெற்கிலிருந்து வீசும் காற்றோடு கிளம்பி, வழியெல்லாம் முட்டையிட்டு, தலைமுறை தலைமுறையாக வடக்கே நகர்ந்து கனடாவையே எட்டிவிடும். பனி விழுந்ததும் வடக்கில் தங்கியவை மடிந்துபோகும். அடுத்த ஆண்டு தெற்கிலிருந்து மறுபடியும் படையெடுப்பு.

அரியலூர் வாசகர்: நம் ஊரிலும் வலசை போகுமா?

ஒரே இரவில் 100 கி.மீ. பறக்கக்கூடியது. ஆனால் உறைபனியே இல்லாத நம் சமவெளியை விட்டு ஓட அதற்கு என்ன அவசியம்? மக்காச்சோளம் இருக்கும்வரை இங்கேயே பெருகும்.

விழுப்புரம் வாசகர்: எந்த மருந்து அடிப்பது?

வட்டார வேளாண் அலுவலரைக் கேளுங்கள். புழுவை அடையாளம் காணாமல் மருந்து வாங்காதீர்கள்.

உடுமலை வாசகர்: விதை மூட்டையில்தானே வந்தது? மறைக்காமல் சொல்லுங்கள்.

இல்லை. தாய் அந்து நூறு, இருநூறு முட்டைகளை இலைமேல் குவியலாக இட்டு, தன் உடல் செதில்களால் மூடிவைக்கும். புழு குருத்துக்குள் புகுந்து தின்னும். கூட்டுப்புழு மண்ணுக்குள் கிடக்கும். காய்ந்த விதையில் இதற்கு என்ன வேலை?

மீண்டும் உடுமலை வாசகர்: அப்படியானால் கடலைத் தாண்டியது எப்படி?

அதில் மனிதர் கை இருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. சரக்கோடும் பயணிகளோடும் பூச்சிகள் பயணம் செய்வது புதிதல்ல. 2016இல் ஆப்பிரிக்கா, 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா, அதே ஆண்டில் தமிழ்நாடு, 2020இல் ஆஸ்திரேலியா. இவற்றில் எந்தக் கட்டம் சிறகால், எந்தக் கட்டம் சரக்கால் என்று ஆய்வாளர்களே வாதாடுகிறார்கள். விதை மூட்டையின் மேல் பழிபோட்டு நிம்மதியடைந்தால், பக்கத்து வயலிலிருந்து பறந்து வருவதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். என் கவலை அதுதான்.

தேனி வாசகர்: என்ன மருந்து?

மேலே சொல்லிவிட்டேன். முதலில் புழுவைப் பாருங்கள்.

திண்டுக்கல் வாசகர்: பார்த்தால் எப்படித் தெரியும்? வெட்டுப்புழு மாதிரியே இருக்கிறதே.

நல்ல கேள்வி. வளர்ந்த புழுவைக் கையில் எடுத்து லென்ஸில் பாருங்கள். நெற்றியில் தலைகீழான 'ஒய்' போல வெளிர்கோடு இருக்கும். வால்பக்கம், கடைசிக்கு முந்தைய உடல் வளையத்தில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக நிற்கும். இரண்டும் சேர்ந்திருந்தால் படைப்புழுதான். அந்துப்பூச்சியில் ஆணுக்கு முன்சிறகு நுனியில் வெள்ளைத் திட்டு உண்டு. பெண்ணுக்கு அது இல்லாததால் சிறகை மட்டும் பார்த்து முடிவுகட்ட வேண்டாம்.