49-ஆவது நாள்தான் எனக்குப் பயம்

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கப் போனவன், இடுப்பு வலிக்கு என்று யாரோ கொடுத்த மாத்திரையைப் போட ஆரம்பித்து, இப்போது அது இல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு பையன்கள் இப்படி. தை மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம். மனநல டாக்டரிடம் போனால் ‘பைத்தியக்கார வீடு’ என்பார்கள். ஊருக்குத் தெரியாமல் குணசீலத்தில் 48 நாள் வைத்திருந்து அழைத்து வரலாம் என்கிறார் இவன் அப்பா. செய்யலாமா டாக்டர்?
– ஒரு தாய், திருத்துறைப்பூண்டி அருகே

பதில்: அன்புள்ள அம்மா, குணசீலத்துக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். மனசு நொந்தவர்களை அந்தப் பெருமாள் சன்னிதியில் ஒரு மண்டலம் தங்கவைப்பது நம் காவிரிக்கரையில் காலம் காலமாக உள்ள வழக்கம். எனக்குப் பயம் 49-ஆவது நாளை நினைத்துத்தான்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது சாதாரண வலி மாத்திரை இல்லை. அபின் மாதிரி வேலை செய்யும் ஓபியாய்டு வகையாகத் தெரிகிறது. தினமும் போடும்போது உடம்பு அதைத் தாங்கப் பழகிக்கொள்ளும். நிறுத்திய கொஞ்ச நாளிலேயே அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். ஆனால் மனசு பழைய அளவை மறக்காது. ஊருக்குத் திரும்பியவன் பழைய கணக்கிலேயே போட்டால் மூச்சு அடங்கிப்போகும். கூடவே மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இன்னும் மோசம். விட்டுவிட்டு வந்த முதல் சில வாரங்களில்தான் இப்படி உயிர்கள் போகின்றன.

அதனால் முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் கோயில். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நிறுத்தும்போது வரும் உடம்பு வலி, வாந்தி, பேதி, தூக்கமின்மைக்கு மருந்து தருவார்கள். தேவைப்பட்டால் ஏக்கத்தை அடக்கும் புப்ரினார்பின் என்ற மருந்தையும் மாதக்கணக்கில் தருவார்கள். ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா’ என்று யார் கேட்டாலும் காதில் வாங்காதீர்கள். அது உயிரைக் காக்கிற மருந்து. கோயிலில் தங்கும்போதும் நிறுத்தக் கூடாது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் போனில் பேசுங்கள்: மனநலத்துக்கு 14416, போதை மீட்புக்கு 14446. இரண்டும் இலவசம்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியம். ஆனாலும், மகனிடம் கேட்டுக்கொண்டு, நீங்களாகவே சிலருக்குச் சொல்லிவையுங்கள்: பக்கத்து வீட்டு அக்கா, ராத்திரி கூப்பிட்டால் வரும் ஆட்டோக்காரர், கிராம சுகாதாரச் செவிலியர். எழுப்பினால் எழாமல், மூச்சு மெதுவாகி, தொண்டையில் கொரகொரவென்று சத்தம் வந்து, உதடு நீலம் பாரித்தால் அது தூக்கமில்லை. ‘அசந்து தூங்குகிறான்’ என்று போர்வையைப் போர்த்திவிட்டுப் போய்விடுகிறோமே, அங்கேதான் பிள்ளையைப் பறிகொடுக்கிறோம். உடனே 108. என்ன போட்டான் என்பதை மறைக்காதீர்கள். இந்த விஷத்தை முறிக்க நலாக்ஸோன் என்று ஒரு மருந்து இருக்கிறது. அமெரிக்காவில் 2023 முதல் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகக் கடையிலேயே, டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் போடும் ஊசிதான். அதனால் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள்.

அந்த இரண்டு பையன்களின் அம்மாக்களும் உங்களைப் போலவே கதவைச் சாத்திக்கொண்டு அழுதுகொண்டிருப்பார்கள். போய்ப் பேசுங்கள். மகளிர் குழுவில் தவணைக் கணக்கு முடிந்ததும் பத்து நிமிஷம் இதைப் பேசுங்கள், செவிலியரையும் கூப்பிடுங்கள். பத்துப் பெண்கள் சேர்ந்து போய் ‘சீட்டு இல்லாமல் பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுக்காதீர்கள்’ என்று சொன்னால் எந்த மெடிக்கல்காரரும் யோசிப்பார்.

சம்பந்தி வீட்டாரிடம், சர்க்கரை நோயைச் சொல்வது போல, ‘பையனுக்கு வைத்தியம் நடக்கிறது’ என்று சொல்லுங்கள். நிச்சயதார்த்தத்தன்று அவனைப் பின்கட்டில் ஒளித்துவைக்காதீர்கள். தங்கைக்கு அண்ணன் செய்ய வேண்டியதை அவனே செய்யட்டும். அன்று ராத்திரி மட்டும் அவனைத் தனியாகப் படுக்க விடாதீர்கள்.