வாயால் சொல்கிறான், எழுத வரவில்லை

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. பாடத்தைக் கேட்டால் கடகடவென்று சொல்கிறான், எழுதச் சொன்னால் பாதி எழுத்தை விட்டுவிடுகிறான். சோம்பேறித்தனமா?

பதில்: இல்லை, அப்படித் திட்டுவதை முதலில் நிறுத்துங்கள். டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம், அதற்கும் புத்திசாலித்தனத்துக்கும் சம்பந்தமில்லை, எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில்தான் சிரமம். கண், காது இரண்டையும் பரிசோதித்துவிட்டு, குழந்தை உளவியலாளரிடமோ சிறப்புக் கல்வியாளரிடமோ காட்டுங்கள். அதுவரை வீட்டில் தினமும் 15 நிமிடம் போதும்: ஒலியைச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதட்டும், கதைப் புத்தகத்தில் நீங்கள் ஒரு வரி, அவன் ஒரு வரி என்று சேர்ந்து வாசியுங்கள் (இம்போசிஷன் மட்டும் வேண்டவே வேண்டாம், கை வலிப்பதுதான் மிச்சம்). அப்புறம், ஆசிரியரிடம் பேசி, தேர்வில் கூடுதல் நேரமும் வாய்மொழியாகப் பதில் சொல்லும் வாய்ப்பும் கேளுங்கள்.