இரவில் தளர்ந்துபோகும் தறப்பாள் கயிற்றை அவிழ்க்காமல் இறுக்க எந்த முடிச்சு நல்லது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். ஆடியில் கதிர்காமத்துக்குக் காட்டுவழியே நடந்து போகிற குழுவில் இருக்கிறீர்கள். பொழுதுபடும்போது விறைப்பாகக் கட்டிய தறப்பாள் நடுச்சாமத்தில் தொய்ந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டுகிறீர்கள். அவிழ்க்காமல் இறுக்கவும் தளர்த்தவும் ஒரு முடிச்சு உண்டா, இல்லை கயிற்றைக் கோத்து இறுக்குவதற்கென்று கடையில் விற்கிற பிளாஸ்டிக் கட்டைகளை வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிச்சு உண்டு. முளையைச் சுற்றித் திரும்பி வந்து தன் கயிற்றையே பிடித்துக்கொள்ளும் முடிச்சு அது. கையால் தள்ளினால் நகரும், கயிறு இழுபட்டால் நகராது. சாரணர் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது டோட்லைன் ஹிட்ச். அதன் உடன்பிறப்பு மிட்ஷிப்மன் ஹிட்ச். நான் உங்களுக்குச் சொல்வது இரண்டாவதை. ஆனால் முடிச்சுக்கு முன்னால் உங்கள் பையில் இருக்கிற கயிறு என்ன கயிறு என்று பாருங்கள். நான் மட்டக்களப்பில் வட்டை வாடிக்கும், யாத்திரை வழியிலும், சாவீட்டு முற்றத்திலும் தறப்பாள் கட்டி வருகிறவன். "முடிச்சு நிக்குதில்ல" என்று யாராவது கூப்பிட்டுப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் முடிச்சில் பிழை இருக்காது, கயிற்றில்தான் இருக்கும்.

ஹாட்வெயார் கடையில் பச்சையிலும் நீலத்திலும் மினுங்குகிற கயிறு பொலிப்ரொப்பிலீன். விலை குறைவு, தண்ணீரில் மிதக்கும், அதனால் வாவியில் தொழில் செய்கிறவர்களுக்கு உதவும். தறப்பாளுக்கு அது மோசமான கயிறு. வழுக்கும், விறைத்து நிற்கும், வெயிலில் கிடந்தால் நார்நாராக உதிரத் தொடங்கும். நகரும் முடிச்சுகள் எல்லாம் உராய்வை நம்பி நிற்பவை. வழுக்குகிற கயிற்றில் அவை வழுக்காமல் என்ன செய்யும்?

நைலோன் மெதுமையானது, முடிச்சை நன்றாகப் பிடிக்கும். அதன் குறை வேறு: இழுபட்டால் நீளும், நனைந்தால் இன்னும் நீளும். கும்புக்கன் ஆற்றங்கரையில் இரவுப் பனி இறங்கி உங்கள் தறப்பாள் தொய்ந்ததென்றால், முடிச்சு ஓர் அங்குலம்கூட நகராமலே அது நடந்திருக்கலாம். அடுத்த முறை மாலையில் முடிச்சு இருக்கிற இடத்தில் கயிற்றில் ஒரு மார்க்கர் கோடு போட்டுவிட்டுப் படுங்கள். நடுச்சாமத்தில் கோடு முடிச்சோடு ஒட்டியே இருந்தால் நீண்டது கயிறு, விலகியிருந்தால் வழுக்கியது முடிச்சு. மருந்து இரண்டுக்கும் வேறு வேறு.

வாங்குவதென்றால் நான்கு அல்லது ஐந்து மில்லிமீற்றர் பொலியெஸ்டர் பின்னல் கயிறு வாங்குங்கள். முறுக்குக் கயிறு வேண்டாம். பொலியெஸ்டர் நனைந்தாலும் நீளம் மாறுவது மிகக் குறைவு, மேற்பரப்பும் முடிச்சுக்குப் பிடி கொடுக்கும். பரகோர்ட் என்று விற்கிற நான்கு மில்லிமீற்றர்க் கயிறு நைலோன்தான். உண்மையான சரக்கு கிட்டத்தட்ட 250 கிலோ தாங்கும், ஆனால் இரவில் இரண்டு தரம் எழும்பி இறுக்க வேண்டிவரும். பருத்தி, சணல் கயிறுகள் நேர்மாறு, நனைந்தால் சுருங்கும். கன்வஸ் கூடாரக் காலத்து ஆட்கள் மழை வருமுன் ஓடிப்போய்க் கயிற்றைத் தளர்த்திவிட்டது அதனால்தான், இல்லாவிட்டால் முளை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தும்புக் கயிறு சொரசொரப்பானது, எந்த முடிச்சும் நிற்கும், ஆனால் நிற்கிற முடிச்சைத் தள்ளி நகர்த்த முடியாது. பந்தலுக்கு நல்லது, உங்களுக்கு உதவாது.

இனி கட்டுகிற விதம். தறப்பாளிலிருந்து முளைக்கு வருகிற கயிற்றைத் தாய்க்கயிறு என்றும், கையில் இருக்கிற நுனியை வால் என்றும் வைத்துக்கொள்வோம். வாலை முளையைச் சுற்றி எடுத்து, தறப்பாள் பக்கமாகத் திரும்பி வாருங்கள். முளையிலிருந்து ஒரு முழம் ஒன்றரை முழம் வந்ததும், வாலைத் தாய்க்கயிற்றைச் சுற்றிப் போட்டு, அதன் நுனியைக் கண்ணிக்குள்ளே எடுங்கள். இப்போது முளைக்கும் இந்தச் சுற்றுக்கும் நடுவில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. டோட்லைன் என்றால், இரண்டாவது சுற்றையும் கண்ணிக்குள்ளேயே, முதற் சுற்றுக்குப் பக்கத்தில், முளையை நோக்கி இறங்குகிற மாதிரிப் போடுவீர்கள். மிட்ஷிப்மனில் அந்த இரண்டாவது சுற்று முதற் சுற்றின் மேலே ஏறிக் கடந்து அதற்கு மேற்பக்கம் போக வேண்டும். முதற் சுற்றுக்கும், முளையிலிருந்து ஏறி வருகிற உங்கள் வால்பக்கக் கயிற்றுக்கும் இடையில் அது போய்ச் சிக்க வேண்டும். சிக்கியதும் கயிறு கடித்துப் பிடிப்பது கையில் தெரியும். முடிச்சு முடியாமல் இருக்கும்போதே இழுவையைத் தாங்கும், காற்றடிக்கிற நேரத்தில் தனி ஆளாகக் கட்டுகிறவனுக்கு அது பெரிய உதவி. கடைசியாக வாலைக் கண்ணிக்கு வெளியே, தறப்பாள் பக்கத்தில், அதே திசையில் தாய்க்கயிற்றைச் சுற்றி, தன் அடியால் உள்ளே விட்டு இழுங்கள். எல்லாச் சுற்றுகளையும் விரலால் ஒன்றோடொன்று நெருக்கிவிடுங்கள். நெருக்காத முடிச்சு பிடிக்காது.

இறுக்க, முடிச்சைத் தறப்பாளை நோக்கித் தள்ளுங்கள். தளர்த்த, முளையை நோக்கி. ஒரு கையால் தாய்க்கயிற்றை முளைப்பக்கமாகச் சற்று இழுத்து பாரத்தை எடுத்துவிட்டு மற்றக் கையால் தள்ளினால் சுலபம். முடிச்சை முளையில் போடாமல் தறப்பாள் கண்ணில், அதாவது விளிம்பில் கயிறு கோக்கிற துளையில், போட்டிருந்தால் திசை மாறும், அங்கே கண்ணை விட்டு விலக்கித் தள்ள வேண்டும். கண்ணி பெரிதானால் கயிறு இறுகும் என்று நினைவில் வைத்தால் போதும்.

இது ஏன் பிடிக்கிறது என்று தெரிந்தால் ஏன் வழுக்குகிறது என்பதும் தெரியும். இழுவை வரும்போது உள்ளே இருக்கிற சுற்றுகள் தாய்க்கயிற்றை ஒரு பக்கமாக வளைத்து நெளிக்கின்றன. நேராக இருக்கிற கயிற்றில் சுற்று ஓடும், நெளிந்த கயிற்றில் ஓடாது. இழுவை கூடக் கூட நெளிவும் கூடும். சுற்றுகளைக் கண்ணிக்கு வெளியே போட்டுவிட்டால் அந்த நெளிவே கிடைக்காது. யாத்திரை முகாம்களில் நான் காண்கிற பிழைகளில் பாதிக்கு மேல் இதுதான். உள்ளே ஒரு சுற்றுக் கூடுதலாகப் போட்டால் பிடி கூடும். பச்சைக் கயிறுதான் இருக்கிறது, வேறு வழியில்லை என்றால் மூன்று சுற்றுப் போடுங்கள். இணையத்தில் வாங்குகிற சில மெல்லிய கூடாரக் கயிறுகள் டைனீமா என்ற செயற்கை நாரால் ஆனவை, இரும்பு மாதிரிப் பலம், ஆனால் வழுக்கல். அதற்கும் இதே வைத்தியம்தான், அதுகூடச் சில வேளை பலிக்காது.

1997 இல் ஹபிள் தொலைநோக்கியைச் சீர்செய்யப் போன விண்வெளி வீரர்களும் டோட்லைன் ஹிட்ச் போட்டார்கள் என்று சாரணர் மாஸ்டர்மார் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அங்கே கச்சான் அடிப்பதில்லை.

கச்சான்தான் உங்கள் மற்ற எதிரி. யாத்திரைக் காலமும் அந்தக் காய்ந்த மேற்குக் காற்றின் காலமும் ஒன்று. அது சீராக வீசினால் பாதகமில்லை, விட்டு விட்டு அறைகிறது. தறப்பாள் படபடக்கும்போது கயிறு ஒரு கணம் தொய்கிறது, முடிச்சின் சுற்றுகள் தளர்கின்றன, அடுத்த கணம் வெடுக்கென்று இழுபடுகிறது. நிலையான இழுவையில் இரவு முழுக்க நிற்கிற முடிச்சும் இந்த வெடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். 10 அடிக்கு 12 அடித் தறப்பாள் ஒன்று நேருக்கு நேர் காற்றை மறித்து நின்றால், மணிக்கு 30 கிலோமீற்றர் காற்றில் ஏறத்தாழ 48 கிலோ பாரம் வரும், 60 கிலோமீற்றரில் 190 கிலோவைத் தாண்டும். ஆகவே மேற்குப் பக்கத்து விளிம்பைத் தாழ்த்தி நிலத்தோடு ஒட்டிக் கட்டுங்கள், காற்று மேலே ஏறிப் போகட்டும். பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கீலம் வெட்டி, தறப்பாள் கண்ணுக்கும் கயிற்றுக்கும் நடுவில் கட்டுங்கள். வெடுக்கை ரப்பர் வாங்கிக்கொள்ளும், முடிச்சுக்கு வேலை குறையும். செலவில்லாத வேலை, பலன் பெரிது.

சிலர் உங்களுக்கு லொறிக்காரர் முடிச்சைச் சொல்லியிருப்பார்கள். அம்பாறைப் பக்கம் நெல் மூடை ஏற்றுகிற லொறிகளில் பார்க்கலாம்: கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி போட்டு, நுனியைக் கொக்கியில் மாட்டித் திரும்பக் கொண்டுவந்து அந்தக் கண்ணிக்குள்ளால் கீழே இழுப்பார்கள். கணக்குப்படி இழுக்கிற பலத்துக்கு மூன்று மடங்கு கிடைக்க வேண்டும், கயிறு கயிற்றில் உரசுவதால் கைக்கு வருவது அதைவிடக் குறைவு, ஆனாலும் நிறைய. அருமையான கட்டு, தறப்பாளின் ஓரக் கயிறுகளுக்கு மட்டும் வேண்டாம். கல்முனையில் ஒரு வயதான லொறிக் கிளீனர் எனக்குச் சொன்னது: "இந்தக் கட்டு மூடைக்கு மனே. இதைத் தறப்பாளுக்குப் போட்டா தறப்பாள்ட கண்ணைப் பிச்செடுத்துப்போடும்." அவர் சொன்னது முழுக்கச் சரி.

அந்தக் கட்டுக்கு உரிய இடம் முகட்டுக் கயிறு. இரண்டு மருத மரங்களுக்கு நடுவில் முதலில் ஒரு தனிக் கயிற்றை லொறிக் கட்டால் விறைப்பாக இழுத்துவிட்டு, தறப்பாளை அதன்மேல் போடுங்கள். நடுக் கண்ணியை எட்டு வடிவ முடிச்சால் போட்டால் எந்தப் பக்கம் இழுபட்டாலும் மூடிக்கொள்ளாது, காலையில் அவிழ்க்கவும் வரும். தறப்பாளின் இரண்டு முகட்டு முனைகளையும் அந்தக் கயிற்றில் பிடிக்க புரூசிக் கண்ணி நல்லது. 1931 இல் கார்ல் புரூசிக் என்ற ஒஸ்திரிய மலையேறி அறிமுகப்படுத்தியது: மெல்லிய கயிற்றில் ஒரு வளையம் முடிந்து, அதை முகட்டுக் கயிற்றில் மூன்று முறை தனக்குள்ளாலேயே சுற்றி எடுப்பது. வளையக் கயிறு முகட்டுக் கயிற்றைவிட மெல்லியதாக இருக்க வேண்டும், ஒரே தடிப்பென்றால் பிடி குறையும். இரண்டு புரூசிக்கையும் வெளிப்பக்கமாகத் தள்ளினால் தறப்பாள் விறைக்கும். முகடு விறைத்திருந்தால் ஓரக் கயிறுகளை அவ்வளவு இழுக்க வேண்டியதில்லை, நடுச்சாம வேலையும் குறையும்.

முளை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. உகந்தைக் கடற்கரையிலும் ஆற்று மணலிலும் எந்த முளையும் நம்பத்தக்கதல்ல. உரப்பையில் மணலை நிரப்பி வாயைக் கட்டி, கயிற்றை அதில் முடிந்து, முழங்கை ஆழத்துக்குப் புதைத்து மிதித்துவிடுங்கள். பை இல்லாவிட்டால் ஒரு விறகுக் கட்டையைக் கயிறு வருகிற திசைக்குக் குறுக்காகப் புதைக்கலாம். புதைத்ததைத் தோண்டி இறுக்க முடியாது என்பதால், புதைத்த கயிற்றின் மேல் முனையில் ஒரு கண்ணியை மணலுக்கு வெளியே விட்டு, தறப்பாள் கயிற்றை அந்தக் கண்ணியில் மிட்ஷிப்மனால் கட்டுங்கள். கெட்டித் தரையில் முளை அடிக்கும்போது அதன் தலை தறப்பாளை விட்டு விலகிச் சாய்ந்திருக்கட்டும். தறப்பாள் விளிம்பு எவ்வளவு உயரமோ குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளி அடியுங்கள். கிட்ட அடித்தால் கயிறு முளையை மேல்நோக்கிப் பிடுங்கும். கயிறுகளில் வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள், இரவில் எழும்பிப் போகிற சாமிமார் காலில் மாட்டி விழாமல் இருக்க.

பிளாஸ்டிக் கட்டைகளைப் பொறுத்தவரை, அவை கெட்டவை அல்ல. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட தடிப்புள்ள கயிற்றுக்குச் செய்யப்பட்டது. இரண்டு மூன்று மில்லிமீற்றர்க் கயிற்றுக்கான கட்டையில் உங்கள் ஐந்து மில்லிமீற்றர்க் கயிறு நுழையாது, தடித்த கயிற்றுக்கான கட்டையில் மெல்லிய கயிறு ஓடிவிடும். கயிற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் மாட்டி இழுத்துப் பார்த்து வாங்குங்கள். முதியவர்கள் கட்டுகிற தறப்பாளுக்கு நான் கட்டைதான் போட்டுக்கொடுக்கிறேன், இருட்டில் விரல் நடுங்குகிறவர்களுக்கு அது சுகம். மற்றவர்கள் வீட்டு வேலியில் ஒரு கயிற்றைக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு மிட்ஷிப்மன் போடப் பழகிவிட்டுப் புறப்படுவது நல்லது. குமன காட்டுக்குள் கட்டை உடைந்தால் மாற்றுக் கட்டை வாங்க அங்கே கடை இல்லை.