சின்ன ரூமுக்கு மயில் நீலமா, சந்தனக் கலரா? எது நல்லது?

ரெண்டுமே அடிக்கலாம். எந்தச் சுவருக்கு எதுங்கறதுதான் விஷயம். கிருஷ்ணகிரி, பத்துக்குப் பத்து ரூம், ஒரே ஜன்னல்னு போட்டிருக்கீங்க. வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லியிருப்பாங்க, தெரியும்.

எங்க வீடு தர்மபுரி, பென்னாகரம் ரோட்டுப் பக்கம். நான் மயில் நீலம்னு வாயெடுத்ததுமே மாமியார், "ரூமு குகையாட்டம் ஆயிடும்மா"ன்னாங்க. பெயிண்டர் தம்பி, "சந்தனமே அடிச்சிடலாம்க்கா, அழுக்கு தெரியாது." தெரியாதாம்! சுவிட்ச் போர்டைச் சுத்திக் கை பட்ட கறை சந்தனத்துலதான் பளிச்சுன்னு தெரியும். அடர்நிறம்னா கோட்டு கூட ஆகும், அதான் தம்பிக்கு வலிச்சது. (எல்லாப் பெயிண்டரையும் சொல்லல, சண்டைக்கு வராதீங்க.)

நான் விடல. ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் மட்டும் நீலம், மத்த மூணும் சந்தனம், சீலிங் வெள்ளை. வெளிச்சம் நேரா விழற சுவருங்கறதால நீலம் நீலமாவே நிக்குது. ஜன்னல் இருக்கற சுவருக்கே அடிச்சிருந்தா பகல்ல கண்ணு கூசும், சுவரும் கறுப்பாத்தான் தெரியும். இப்ப மாமியார் பகல் தூக்கமே அந்த ரூம்லதான். நான் ஒண்ணும் சொல்லிக் காட்டறதில்ல.

ஷேட் கார்டைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. அட்டையில சாதுவா இருக்கற கலர் முழுச் சுவர்ல தூக்கலாயிடும். சார்ட் அட்டையில ரெண்டு கோட்டு அடிச்சு, சுவர்ல ஒட்டி, பகல்லயும் ராத்திரி லைட்லயும் பாருங்க. 6500 கெல்வின் வெள்ளை எல்இடியில சந்தனம் வெளிறிப்போகும். 3000 கெல்வின் மஞ்சள் லைட்ல சந்தனம் அழகு, ஆனா மயில் நீலம் பச்சைக்குத் தாவும்.

புதுப் பூச்சுன்னா ஒரு மாசமாச்சும் காயவிடுங்க. நம்ம பக்கத்து போர் தண்ணியில கலவை போட்ட சுவர்ல உப்பு பூத்தா, சந்தனத்துல மறைஞ்சுக்கும், நீலத்துல திட்டுத்திட்டா மானத்தை வாங்கும்.

அந்தத் தண்ணியைச் சொன்னதும் ஞாபகம் வருது. நாங்க வளர்ந்ததே ஃப்ளோரைடு தண்ணியிலதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது 2013ல; அதுக்குள்ள எங்க பல்லெல்லாம் பழுப்பாயிடுச்சு. சென்னை ஹாஸ்டல்ல, "பல்லு விளக்க மாட்டியா?"ன்னு சிரிச்சவங்க இன்னைக்கும் என் ஃபோட்டோவுக்கு லைக் போடறாங்க. சரி, அது வேற கதை.

மிச்ச நீலத்தை இறுக்கி மூடி வைங்க, டப்பா மேல இருக்கற கலர் நம்பரை ஃபோட்டோ எடுத்துக்கங்க. பின்னால ஆணி அடிச்ச ஓட்டையை அடைக்கும்போது, புதுசாக் கலக்கி வாங்கினது அடர்நிறத்துல கொஞ்சம் மாறினாலும் ஒட்டுப்போட்டது தனியாத் தெரிஞ்சிடும்.