ஸ்மார்ட்வாட்ச் தரவை ஆஸ்பத்திரிப் பதிவோடு இணைப்பதால் ஆராய்ச்சிக்கு என்ன லாபம்? நம் தரவைக் கொடுக்கலாமா?

நான் டாக்டர் இல்லை. இந்த மாதிரித் தரவைச் சுத்தம் செய்து அட்டவணையாக்குவதுதான் என் பிழைப்பு. அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி ஃபைல் நாம் டாக்டர் முன்னால் போய் உட்காரும் நாளில்தான் தொடங்குகிறது. 'எத்தனை நாளா இப்படி?' என்று கேட்டால் 'ஒரு ஆறு மாசம் இருக்கும் டாக்டர்' என்று குத்துமதிப்பாகச் சொல்வோம். அந்த ஆறு மாதமும் வாட்சில் நிமிடக் கணக்காக இருக்கும். ஆனால் பின்னால் என்ன நோய் வந்தது என்பதை ஃபைல்தான் சொல்ல வேண்டும்.

லட்சக்கணக்கானவர்களின் உடல்நலத் தரவைத் திரட்டும் பிரிட்டன் ஆராய்ச்சித் திட்டமான யூகே பயோபேங்க் செய்ததைப் பாருங்கள். 2013 முதல் 2015 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தபாலில் மணிக்கட்டுக் கருவி அனுப்பினார்கள். ஏழு நாள் கட்டியிருந்துவிட்டுத் திரும்பத் தபாலில் போட வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் வருடக்கணக்கில் அவர்களுடைய ஆஸ்பத்திரிப் பதிவுகள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. பிற்பாடு பார்க்கின்சன்ஸ் (நடுக்குவாதம்) வந்தவர்களின் அந்தப் பழைய ஒரு வாரத்தை கார்டிஃப் பல்கலைக்கழகக் குழு தேடி எடுத்துப் பார்த்தது. நோய் கண்டறியப்படுவதற்குச் சில வருடங்கள் முன்பே அசைவு மந்தமாகியிருந்தது. ஏழு வருடம் வரை முன்கூட்டியே அடையாளம் காண முடிந்தது என்று 2023இல் வெளியிட்டார்கள். இணைக்காமல் விட்டிருந்தால் அது வெறும் ஒரு வாரக் கையசைவு.

அமெரிக்க அரசின் 'ஆல் ஆஃப் அஸ்' என்ற உடல்நல ஆராய்ச்சித் திட்டத்தில் மக்கள் தாங்கள் கட்டியிருந்த ஃபிட்பிட் வாட்சின் தரவையே கொடுத்தார்கள். 2022இல் வந்த ஆய்வில் 6,042 பேர். அதில் பாதிப் பேருக்காவது நாலு வருடக் கணக்கு இருந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு 8,000 - 9,000 ஸ்டெப்ஸுக்கு மேல் மேலும் குறையவில்லை என்று தெரிந்தது. (பத்தாயிரம் முடிக்க ராத்திரி ஹாலுக்குள்ளேயே நடப்பவர்கள் கவனிக்கவும்.) ஆனால் அந்த ஆறாயிரம் பேரில் 84% வெள்ளையர்கள், 71% பட்டதாரிகள். வாட்ச் வாங்கிக் கட்டத் தெரிந்தவர்களின் உடம்பு அது. அதனால்தான் அந்தத் திட்டம் பங்கேற்பாளர்கள் சிலருக்கு ஃபிட்பிட்டை இலவசமாகவே கொடுத்தது.

வேலையில் என்னைப் படுத்தியெடுப்பது பூஜ்யம். என் அம்மாவின் வாட்சில் போன வருடம் தொடர்ந்து ஐந்து நாள் ஸ்டெப்ஸ் பூஜ்யம். வாட்சை மட்டும் பார்ப்பவர் என்ன நினைப்பார்? சார்ஜ் போடவில்லையா, படுத்த படுக்கையா, ஆளே இல்லையா? கண்புரை ஆபரேஷனுக்குப் போகும்போது கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள தேதியைப் பக்கத்தில் வைத்ததும் விஷயம் முடிந்தது. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை காலை, உட்கார்ந்த இடத்திலேயே தேங்காய் துருவியதற்கு முந்நூறு ஸ்டெப்ஸ். இதை எந்த ஃபைலும் திருத்தாது.

நான் சொன்ன ஃபிட்பிட் ஆய்வில், பத்து மணி நேரத்துக்குக் குறைவாகக் கட்டிய நாட்களையும் நூறு ஸ்டெப்ஸ் எட்டாத நாட்களையும் கழித்துவிட்டார்கள். வேறு வழியில்லை, கட்டாத நாளை ஒதுக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் காய்ச்சலில் கிடந்து பாத்ரூமுக்கு மட்டும் எழுந்துபோன நாளும் அதோடு போய்விடும். நோயைத் தேடும் வேலையில் ஆள் படுத்துக் கிடந்த நாளையே தூக்கிப் போடுவது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. பதிவோடு இணைத்துப் பார்த்தால் அதில் கொஞ்சத்தையாவது மீட்கலாம்.

சரி, கொடுக்கலாமா? பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்க தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின் பெயரில்லாத அசைவுத் தரவோடு வயது, பாலினம் போன்ற விவரங்களையும் வைத்து, பெரியவர்களில் 95% பேரின் பதிவுகளை மறுபடி பொருத்திக் காட்டியது 2018இல் வந்த ஓர் ஆய்வு. நாம் தினமும் நடக்கும் விதமே ஒருவகைக் கைரேகை. 'ஆல் ஆஃப் அஸ்' இதற்காக, ஆய்வாளர்களுக்குத் தரும் தரவின் ஒரு பிரிவில் ஒவ்வொருவரின் தேதிகளையும் ஒரு வருடத்துக்குள் ஏதோ ஓர் அளவு பின்னால் தள்ளிவிடுகிறது. வாட்ச், ஆஸ்பத்திரி இரண்டும் ஒரே அளவு தள்ளப்படுவதால் இடைவெளி கெடாது.

நான் கொடுப்பேன். ஆராய்ச்சித் திட்டத்துக்கு மட்டும். இன்சூரன்ஸ் தள்ளுபடிக்காக ஆப்பில் டிக் அடிப்பது வேறு கதை. டிக் அடிக்குமுன் ஒன்று கேளுங்கள்: விலகினால் ஏற்கெனவே போன தரவு என்ன ஆகும்? பெரும்பாலும் புதிதாக எடுப்பதைத்தான் நிறுத்துவார்கள். ஏற்கெனவே முடிந்த ஆய்வுகளிலிருந்து நம்மை உருவி எடுக்க முடியாது.